பக்கப் பலகையில் ஒரு பள்ளம்

கிளென் வேவர்லி
9 பெப்ரவரி 2025

அன்பின் தங்கச்சி ராணிக்கு,

அண்ணா எழுதுவது. நான் இருக்கிறேன். இரத்தத்தில் சீனி கொஞ்சம் கூட, முழங்கால் வழமைபோல. உன் காது எப்படி? புது மெஷின் போட்டும் போனில் இரைச்சல்தான் கேட்கிறது என்றாய். மெசேஜ் அனுப்பினால் மூன்று நாள் கழித்து ஒரு கும்பிடும் கைப் படம் வருகிறது. அதனால் பழையபடி பேனையை எடுத்துவிட்டேன்.

மகன் கவினேஷின் ஆளுயர வாத்தியத்தை, அந்த டபுள் பேஸை, ஒரு லொறிக்காரரிடம் ஏற்றிவிட்டிருக்கிறேன். வியாழக்கிழமை உன் வீட்டுக்கு வரும். மூன்று வருஷமாக அவனுடைய அறையில் உறையோடு கிடந்தது. கழுத்து கழன்றிருக்கிறது, கீழே பக்கத்தில் ஒரு சின்னக் காயம். கவனமில்லாமல் எங்கேயோ போட்டுவிட்டான், உனக்குத் தெரியும்தானே. இருபத்தைந்து வருஷமாக நீ வயலினும் செல்லோவும் திருத்துகிறவள். உடைந்தது ஒருவருக்கும் தெரியாதபடி இதைச் சரிப்படுத்தித் தர வேண்டும்.

உன் மச்சாள் நிரூபாவின் ஆண்டுத் திவசம் ஓகஸ்ட் மூன்றாம் திகதி வருகிறது. செத்தவீட்டுக்கு வந்த கவினேஷ் கடைசி வரிசையில் நின்றுவிட்டு என்னோடு ஒரு சொல் பேசாமல் போனான். திவசத்துக்காவது வீட்டுக்கு வர வேண்டும். அறையைத் திறந்ததும் பேஸ் பழையபடி நிற்பதைப் பார்த்தால் மனம் இளகும் என்று நினைக்கிறேன். இந்த வீட்டில் நான் ஒருவன்தான் இப்போது. அவனும் வராவிட்டால் நான் என்ன செய்வது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அண்ணா
சிவலிங்கம்


வென்ட்வேர்த்வில்
23 பெப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதமும் ஆளும் வந்து சேர்ந்தன. ஆள் என்றுதான் சொல்ல வேண்டும். பட்டறையாக்கிய கராஜுக்குள் நிறுத்தியிருக்கிறேன், விடிய உள்ளே போகும்போதெல்லாம் யாரோ நிற்கிறார் என்று திடுக்கிடுகிறேன். எனக்கு வேறு குறை இல்லை. இடது காது போனது போனதுதான். நீங்கள் சீனியை அளக்கிறீர்களா, அல்லது கூட என்று மனதால் அளந்தீர்களா?

நல்ல வாத்தியம் அண்ணா. ஜெர்மனிப் பக்கத்து வேலை, நூறு வயதுக்குக் குறையாது. நான் எப்போதும் வார்னிஷைத்தான் முதலில் பார்ப்பேன். இதன் பழைய வார்னிஷ் பனங்கட்டிப் பாகின் நிறம். வாசிக்கிறவரின் கை படும் தோளில் தேய்ந்து மரம் தெரிகிறது. அந்த இடத்தை நான் தொடமாட்டேன், அப்படித் தேய எத்தனையோ பேருடைய கை பட்டிருக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் சொன்ன சின்னக் காயம் சின்னதில்லை. கீழ்ப் பக்கப் பலகையில் என் உள்ளங்கையளவு பள்ளம். அதற்கு மேல் யாரோ வேறு வார்னிஷைத் தடிப்பாகப் பூசியிருக்கிறார்கள். நகத்தால் சுரண்டினால் பிளாஸ்டிக் மாதிரிச் சுருள்கிறது. கழுத்தின் அடியிலும் பள்ளத்திலும் இரண்டு குழாயில் வருமே, கலந்து பூசும் பசை, அது வழிந்து காய்ந்திருக்கிறது. நாங்கள் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசைதான் போடுவோம். சூடும் ஈரமும் பட்டால் வச்சிரம் விட்டுக்கொடுக்கும், பிறகு திருத்த வருகிறவன் திறக்கலாம். இந்தப் பசை ஒருநாளும் விடாது. வாத்தியம் தெரிந்த எவரும் இந்த வேலையைச் செய்யமாட்டார்கள்.

யார் ஒட்டியது? எப்போது? எங்கே விழுந்தது? இது தெரிந்தால் எனக்கு வேலை சுலபம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தங்கச்சி
செல்வராணி


கிளென் வேவர்லி
6 மார்ச் 2025

அன்பின் ராணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகமாயிருக்கிறாய் என்பது சந்தோஷம். இங்கே வெக்கை இன்னும் குறையவில்லை. கறிவேப்பிலை மரம் மட்டும் நல்லாயிருக்கிறது. நிரூபா நட்டது.

யார் ஒட்டியது என்று எனக்குத் தெரியாது. கூட்டாளி யாரிடமாவது கொடுத்திருப்பான். எங்கே விழுந்தது என்றும் சொல்லவில்லை. அதெல்லாம் இப்போது எதற்கு? நீ திருத்துகிற ஆள், பொலிஸ் இல்லை.

ஓகஸ்டுக்கு முன் முடியுமா என்பதை மட்டும் எழுது. கவினேஷ் உன்னோடு கதைக்கிறானா? நியூகாசிலில் ஏதோ கிடங்கில் வேலை என்று கேள்வி. பேஸ் வாசிக்கிறானா?

அண்ணா


வென்ட்வேர்த்வில்
21 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். கவினேஷ் மாதத்துக்கு ஒருமுறை எனக்கு எழுதுகிறான், இரண்டு வரி. வாசிப்பதில்லையாம்.

இந்தக் கடிதத்தைக் கதிரையில் இருந்து வாசியுங்கள்.

கராஜ் கதவை மூடி, திரையை இழுத்துவிட்டு, ஊதா லைட்டைப் பிடித்துப் பார்த்தேன். வார்னிஷின் வயதைப் பார்க்க அது வேண்டும். பழைய வார்னிஷ் அந்த வெளிச்சத்தில் மங்கல் மஞ்சளாய்த் தெரிந்தது. பள்ளத்துக்கு மேலிருந்தது, தண்ணீர் கலந்த பாலைப்போல நீலமாய்த் தெரிந்தது. அதில் கொஞ்சத்தைச் சுரண்டி எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். அந்தச் செம்மஞ்சள் நிறம் எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுப் பின்வாசல் மரத்தளத்துக்குப் பூசியிருப்பது அதுதான். அதில் இருந்து எத்தனை தரம் தேத்தண்ணி குடித்திருக்கிறேன்.

பிறகு முன் பலகையைத் திறந்தேன். விழுந்த பேஸ் விளிம்பில் உடையும், மூலை சிதறும். இதில் விளிம்புகளுக்கு ஒன்றுமில்லை. வெளியிலிருந்து உருண்டையான ஏதோ ஒன்று பலகையை உள்ளே தள்ளியிருக்கிறது. பேஸை நிறுத்திவைத்து நிலத்திலிருந்து அளந்தேன், நாற்பத்தாறு சென்டிமீட்டர். பிறகு வீதிக்குப் போய், பக்கத்து வீட்டுக்காரரின் வாகனத்தில் ட்ரெய்லர் கொளுவும் இரும்புக் குண்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்தேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். நாற்பத்தைந்தரை.

உங்கள் காரிலும் அது இருக்கிறது. கவினேஷின் சின்னக் காரில் இல்லை.

நிரூபா கடைசியாக இங்கே வந்தபோது என் குசினிக் கதிரையில் இருந்து கவினேஷைச் சொல்லி அழுதது உங்களுக்குத் தெரியாது. "உடைச்சதுக்கு எனக்குக் கோபமில்லை மச்சாள். உடைச்சுப்போட்டு, என்ர முகத்தைப் பாத்து, நான் போடேல்லை எண்டு பொய் சொன்னான். அதைத்தான் என்னாலை தாங்கேலாது" என்றாள். அந்தக் கோபத்தோடுதான் அவள் கண்ணை மூடினாள்.

அண்ணா, அது காரா?

ராணி


வென்ட்வேர்த்வில்
2 மே 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆறு கிழமையாகிறது, பதில் இல்லை. சுகமில்லையா, கோபமா? உங்கள் கூட்டாளி செந்தில்நாதன் அண்ணருக்கு மெசேஜ் போட்டேன். உங்களைக் கோயிலில் கண்டதாகவும் மெலிந்துவிட்டீர்கள் என்றும் சொன்னார். கோயிலுக்குப் போகிற கால் தபால் பெட்டிக்கும் போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை நடக்கிறது. மேல் வார்னிஷைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கிறேன், ஒரு நாளைக்கு ஒரு தீப்பெட்டி அளவு. அவசரப்பட்டால் அடியிலிருக்கும் பழையதும் சேர்ந்து போய்விடும். பள்ளத்திலிருந்த பசை மரத்தோடு மரமாகிவிட்டது. அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புது மரம் வைக்க வேண்டியதாயிற்று. கழுத்தில் மட்டும் அதே பசை பிடிக்கவில்லை. அடியிலிருந்த பழைய வச்சிரத்தைத் துடைக்காமல் மேலேயே பூசியிருக்கிறார்கள். தந்திகளை இறுக்கியதும் கழன்றிருக்கும்.

கோபமென்றாலும் ஒரு வரி எழுதுங்கள்.

ராணி


கிளென் வேவர்லி
19 மே 2025

அன்பின் தங்கச்சிக்கு,

நான் சுகமாயில்லை. உடம்புக்கு வருத்தம் என்று ஒன்றுமில்லை, சாப்பாடு இறங்குவதில்லை.

கார்தான்.

2022 மார்ச் 12, சனிக்கிழமை. அவனுடைய அறைக்குப் பெயின்ற் அடிக்க வேண்டும் என்று நான்தான் பேஸைக் கராஜில் வைப்பித்தேன். "அப்பா, பின்னுக்கு நிக்குது, கவனம்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆசிரியர் வீட்டுக்குப் போனான். புதன்கிழமை இசைக்குழுவில் சேரத் தேர்வு. அதுவரை அவரோடு தங்கி, அவருடைய வாத்தியத்தில் பயிற்சி. நிரூபா கடைக்குப் போயிருந்தாள். பெயின்ற் வாங்கிவந்து, காரைப் பின்பக்கமாகக் கராஜுக்குள் விட்டேன். ஒரு சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தேன். கழுத்து கழன்று, சாமான் அடுக்கும் ராக்கையில் சாய்ந்து கிடந்தது.

ராணி, நான் இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓடினவன். ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் வந்ததில்லை. அதற்குத் தந்த பட்டயம் சுவாமி அறைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அவன் கார் நிறுத்துவதைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை. அவனிடம் போய் எப்படிச் சொல்வேன்? ஒட்டிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள் மினக்கெட்டேன். மரத்தளத்துக்கு வாங்கிய வார்னிஷில் மிச்சம் இருந்தது. தந்திகளைத் தளர்வாக விட்டு உறையைப் போட்டேன். என் கண்ணுக்குப் புதிதுபோல இருந்தது.

புதன் விடிய வந்து உறையோடு தூக்கிக்கொண்டு போனான். தேர்வு மண்டபத்தில், தேர்வு நடத்துகிறவர்களுக்கு முன்னால், தந்தியை முறுக்கும்போது கழுத்து கையோடு வந்ததாம்.

பின்னேரம் திரும்பி வந்தான். நிரூபா உடைந்ததைப் பார்த்தாள், ஒட்டியதையும் பார்த்தாள். "போட்டு உடைச்சுப்போட்டு ஒட்டி மறைச்சிருக்கிறாய்" என்று கத்தினாள். "நான் போடேல்லை அம்மா" என்று சொல்லிவிட்டு அவன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு, ஆறுதலாக, அவள் கோபம் தணிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் அதைவிடக் கஷ்டமாயிருந்தது. மூன்றாம் கிழமை அவன் பெட்டியைக் கட்டிவிட்டான். பிறகு அவளுக்கு வருத்தம் வந்தது. படுக்கையில் கிடப்பவளிடம் இதைச் சொல்லவா என்று விட்டேன். அவளும் போய்விட்டாள்.

இனி யாருக்குச் சொல்லி என்ன வரப்போகிறது? நீ திருத்திக் கொடு. அவனுக்கு ஒன்றும் சொல்லாதே. உன் காலைப் பிடித்துக் கேட்பதாக வைத்துக்கொள்.

அண்ணா


வென்ட்வேர்த்வில்
1 ஜூன் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாசித்துவிட்டு இரண்டு நாள் பட்டறைக்குள் போகவில்லை. உங்கள்மேல் எனக்குக் கோபம்தான். அதை மறைக்கமாட்டேன். ஆனால் நீங்கள் சாப்பிடாமல் கிடப்பதை நினைத்தால் அழுகையும் வருகிறது. கஞ்சியாவது காய்ச்சிக் குடியுங்கள்.

யாருக்குச் சொல்லி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். பொய்காரன் என்ற பெயரோடு ஒரு பிள்ளை நியூகாசிலில் பெட்டி தூக்குகிறானே, அவனுக்குச் சொல்லுங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாத்தியத்தைத் திறந்து திருத்துகிறவர், மூடுவதற்கு முன் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதிவைக்க வேண்டும்: என்ன உடைந்தது, எப்படி, யார் திருத்தியது. இந்தப் பேஸின் வயிற்றுக்குள் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் 1954இல் மாடிப்படியில் தானே தவறவிட்டதாக எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறார். பிறகு திறக்கிறவனுக்கு அது வேண்டும் அண்ணா. எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று அவன் அறிய வேண்டும்.

என் பெயரை எழுத முன், 2022க்கு ஒரு வரி எழுத வேண்டும். கவினேஷ் போட்டு உடைத்தான் என்று நான் எழுதமாட்டேன். உங்கள் பெயரை உங்களைக் கேட்காமலும் எழுதமாட்டேன். ஜூன் முடியும்வரை பலகையை மூடாமல் வைத்திருக்கிறேன். வந்து எழுதுங்கள். இல்லாவிட்டால் என்ன எழுதுவது என்று சொல்லுங்கள். அதைவிட நல்லது, அவனுக்கே எழுதுங்கள். விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது.

ராணி


கிளென் வேவர்லி
20 ஜூன் 2025

அன்பின் ராணிக்கு,

கஞ்சி குடிக்கிறேன். இங்கே குளிர், முழங்கால் மடங்குவதில்லை. பிரயாணம் செய்யேலாது.

எழுத வேண்டியதைத் தனித்துண்டில் வைத்திருக்கிறேன். அப்படியே உள்ளே எழுதிவிடு: "2022 மார்ச் 12. காரால் இடித்தது நான். பிழையாக ஒட்டியதும் நான். சி. சிவலிங்கம், தகப்பன்."

எழுதிவிட்டுப் பலகையை மூடு. அவனாகத் திறந்து பார்க்கும் காலத்தில் பார்க்கட்டும். நான் சொன்னதாகவும் இருக்கும், இப்போதைக்கு அவன் வந்துபோவதற்கு இடைஞ்சலும் இராது. அவனுக்கு நேரே எழுதக் கை வரவில்லை. நாலு தரம் தொடங்கிக் கிழித்தேன்.

திவசத்துக்கு ஐயருக்குச் சொல்லியாயிற்று. அவன் வந்தால் படுக்க, அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

அண்ணா


வென்ட்வேர்த்வில்
14 ஜூலை 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நீங்கள் இதை வாசித்து முடித்த பிறகும் சுகமாயிருக்க வேண்டும்.

நீங்கள் சொன்னதை எழுத்துக்கு எழுத்து உள்ளே எழுதினேன். ஆனால் மூடவில்லை. எழுதி மூடினால் இன்னும் ஐம்பது வருஷத்துக்கு ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கவினேஷை வரச் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. இது உங்களுக்குச் செய்த துரோகம் என்றால் என்னை மன்னியுங்கள்.

போன சனிக்கிழமை ரயிலில் வந்தான். மெலிந்திருக்கிறான், தாடி வைத்திருக்கிறான். மேசையில் திறந்தபடி கிடந்த பேஸைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டான். பிறகு கிட்ட வந்து, குனிந்து, எழுத்துக் கூட்டி வாசித்தான். தமிழ்ப் பள்ளிக்கூடம் விட்டுப் பத்து வருஷமாகிறதுதானே. இரண்டாம் தரமும் வாசித்தான்.

"எனக்குத் தெரியும் மாமி" என்றான்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, திரும்பச் சொல்லச் சொன்னேன்.

"அண்டைக்கே தெரியும். தேர்வு முடிஞ்சு வந்து காரை விடேக்க, அப்பாட காருக்குப் பின்னால அந்த இரும்புக் குண்டில பேஸின்ர வார்னிஷ் ஒட்டியிருந்தது. அம்மா கண்டிடுவா எண்டு நான்தான் துடைச்சனான்."

"அப்ப ஏன்டா சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"அவர் சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அண்டைக்குப் பின்னேரம் பாத்தனான். பெட்டி கட்டேக்க பாத்தனான். அம்மா ஆஸ்பத்திரியில இருக்கேக்க ஒவ்வொரு நாளும் போனைப் பாத்தனான், இண்டைக்குச் சொல்லியிருப்பார், அம்மா எடுப்பா எண்டு. செத்தவீட்டிலயும் பாத்தனான் மாமி. உடைச்சது எனக்கு ஒண்டுமில்லை. இன்னொரு வருஷம் தேர்வுக்குப் போயிருப்பன்."

அழவில்லை. நான்தான் அழுதேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், குடித்தான். வச்சிரம் காய்ச்சி நான் பலகையை மூடியபோது, இறுக்கிகளைப் பூட்டக் கூடவே நின்று உதவினான். புது மரத்துக்குப் பூசிய வார்னிஷைப் பார்த்து, "எது பழசு எண்டு தெரியேல்லை" என்றான். நீங்கள் கேட்டபடிதான் செய்திருக்கிறேன், ஒருவருக்கும் தெரியாது.

பேஸை அவன் கொண்டுபோகவில்லை. "அப்பாட்டையே அனுப்புங்கோ. எனக்கு அதில கை வைக்கேலாது" என்றான். திவசத்துக்கும் வரமாட்டானாம். நான் கேட்டேன், இரண்டு தரம் கேட்டேன்.

அடுத்த கிழமை லொறியில் ஏற்றிவிடுகிறேன். தந்திகளை இறுக்கித்தான் அனுப்புகிறேன், கழுத்து தாங்கும்.

உங்கள் தங்கச்சி
ராணி


கிளென் வேவர்லி
10 ஓகஸ்ட் 2025

அன்பின் தங்கச்சி ராணிக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதை முதலில் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

பேஸ் வந்தது. ஹோலில், நிரூபாவின் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். பள்ளம் இருந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன், பிடிபடவில்லை. உன் கைக்கு நான் என்ன சொல்ல?

திவசத்துக்குப் பதினெட்டுப் பேர் வந்தார்கள். ஐயர் போன பிறகு பந்தியில் இருந்தோம். "தம்பி வரேல்லையோ?" என்று செந்தில்நாதன் கேட்டார். வேலை என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். பிறகு எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். காரால் இடித்தது, ஒட்டி மறைத்தது, அவள் அவனைப் பொய்காரன் என்று சொல்ல நான் பார்த்துக்கொண்டு நின்றது, அவன் எனக்காகத் துடைத்தது, எல்லாம். பிறகு செந்தில்நாதன் சொன்னார், மனிதர் ஆறுதலுக்குத்தான் சொன்னார்: "இதென்ன சிவம், சின்ன விசயம். அண்டைக்கே சொல்லியிருந்தா ரெண்டு நாளில எல்லாரும் மறந்திருப்பினம்."

நான் சோற்றில் கை வைத்தபடி இருந்தேன். நிரூபா மறந்திருப்பாள் ராணி. இரண்டு நாள் கூட வேண்டியிராது. என்னைக் கேலிபண்ணிச் சிரித்திருப்பாள்.

அன்று பின்னேரமே கவினேஷுக்கு எழுதினேன். இந்த முறை கிழிக்கவில்லை. வா என்று கேட்கவில்லை, நடந்ததை மட்டும் எழுதி, மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்கு ஏழு நாள். பதில் இல்லை. விடியவும் பின்னேரமும் தபால் பெட்டியைப் போய்ப் பார்க்கிறேன். நீ அவனிடம் ஒன்றும் கேட்காதே, அவசரப்படுத்தாதே. மூன்று வருஷம் அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு காலமாவது நானும் இருக்க வேண்டும். எனக்கு வயது அறுபத்தெட்டு.

குளிருக்குக் காதை மூடிக்கொள்.

அண்ணா
சிவலிங்கம்